மட்டக்களப்புக்குப் புதிதாகக் குடிவருகிறோம்: அவசரத்துக்கு ஆள் வந்துசேர என்னென்ன செய்து வைக்கவேண்டும்?

தேயிலைமேடு:

ஐப்பசி கடைசியில் ஹட்டனிலிருந்து குடும்பமாக மட்டக்களப்புக்கு வருகிறோம். கல்லடியில் வாடகை வீடு சரியாகிவிட்டது. வீட்டில் நாலு பேர்: நான், கணவர், ஐந்து வயது மகள், சீனி வியாதிக்கு இன்சுலின் போடும் அம்மா. கணவருக்கு வேலை வவுணதீவுப் பக்கம். சில நாள் இருட்டின பிறகுதான் திரும்புவார். அங்கே சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யாரும் இல்லை.

119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) எல்லாம் தெரியும். நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டம். கூப்பிட்டால் தமிழில் பேச முடியுமா? ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வெள்ளம் வந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? வந்த முதல் கிழமையிலேயே செய்து வைக்கவேண்டியது எது? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தங்கச்சி, வீட்டைக் கண்டுபிடிக்கிற கேள்விதான் முதல் கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

1990 அழைப்பை மட்டக்களப்பில் இருக்கிற ஒருவர் எடுப்பதில்லை. கொழும்புப் பக்கம் உள்ள அழைப்பு நிலையத்தில் எடுத்து, உங்களுக்குக் கிட்ட நிற்கும் அம்புலன்ஸுக்குத் தகவல் கொடுப்பார்கள். மூன்று மொழியிலும் பேசலாம், சேவை முழுக்க இலவசம். ஆனால் எடுக்கிற பிள்ளைக்கு நம்மட ஊர் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதற்றத்தில் "முகத்துவாரத்தில நிக்கிறம், கெதியா வாங்க" என்றால், கொழும்பிலும் ஒரு முகத்துவாரம் இருக்கிறது. புதுக்குடியிருப்பு என்றால் ஆரையம்பதிக்கு அங்கால் ஒன்று, முல்லைத்தீவில் இன்னொன்று. மாவட்டத்துக்குள்ளேயே நாவலடி இரண்டு: கல்லடிக்குப் பக்கத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒன்று, ஓட்டமாவடிக்கு அங்கால் கொழும்பு வீதிச் சந்தியில் மற்றது.

அதனால் பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கிச் சொல்லுங்கள். மட்டக்களப்பு மாவட்டம், மட்டக்களப்பு நகரம், கல்லடி, அதற்குள் எந்தக் கிராம சேவையாளர் பிரிவு (வேலூரா, உப்போடையா, திருச்செந்தூரா என்பது வித்தியாசம்), பழைய கல்முனை வீதியா புதிய கல்முனை வீதியா, எத்தனையாம் குறுக்கு, வீட்டு இலக்கம், எந்தக் கோயிலுக்கு அல்லது பாடசாலைக்கு எந்தப் பக்கம். இதைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து போன் எடுத்தாலும் பார்த்து வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். வீட்டுக்காரரைக் கொண்டு முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். மின்சாரப் பட்டியலில் உள்ள முகவரியும் ஊரில் வழங்கும் முகவரியும் ஒன்றாக இல்லாத வீடுகள் இஞ்ச நிறைய.

இடத்துக்குப் பிறகு ஆளின் நிலை. நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, இரத்தம் போகிறதா, வயது என்ன. இந்த நாலும் போதும், நோயின் வரலாறு வேண்டாம். கூப்பிட்ட போனை அதற்குப் பிறகு சும்மா விடுங்கள். அம்புலன்ஸில் வருகிறவர்கள் அந்த இலக்கத்துக்குத்தான் திரும்ப எடுப்பார்கள். பலர் செய்கிற பிழை, 1990க்குச் சொன்ன கையோடு சொந்தக்காரர் எல்லாருக்கும் எடுத்து லைனைப் பிடித்துக்கொள்வது. வாகனம் ஒழுங்கை வாசலில் நின்று தவிக்கும். இரவென்றால் ஒருவர் டோர்ச்சோடு பிரதான வீதிச் சந்தியில் நிற்கவேண்டும். நாயைக் கட்டி, கேற்றைத் திறந்து விடுங்கள்.

1990 அரசாங்க ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். தனியாருக்குக் கேட்க முடியாது, கிளினிக் நாளில் ஏற்றி இறக்கவும் கேட்க முடியாது. கல்லடியிலிருந்து பாலம் தாண்டினால் போதனா வைத்தியசாலை. அம்புலன்ஸ் வேறொரு அழைப்பில் இருக்கிறது, சுணங்கும் என்றார்கள் என்றால், நடக்கக்கூடிய ஆளை ஓட்டோவில் ஏற்றுவது புத்தி. உங்கள் ஒழுங்கையில் இரவில் வீட்டில் நிற்கும் ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கத்தை முதல் நாளே வாங்கி வையுங்கள். மூச்சு முட்டுகிற ஆள், விழுந்து கழுத்தில் அடிபட்ட ஆள் என்றால் ஓட்டோ வேண்டாம், காத்திருங்கள்.

அம்மாவுக்காக ஒரு விஷயம். இப்போது போகும் கிளினிக்கில் இடமாற்றக் கடிதம் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் இஞ்ச புதிதாகத் தொடங்கவேண்டி வரும். கிளினிக் கொப்பியும் மருந்துச் சிட்டையும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும், அம்புலன்ஸில் அந்தப் பையும் ஏறட்டும். வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சீனி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு தரம். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் விடாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990. ஹட்டன் குளிருக்கும் இந்த வெயிலுக்கும் இன்சுலின் வித்தியாசம் காட்டும். திறந்த குப்பியைப் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே 28 நாள்வரை வைக்கலாம், ஆனால் நம்மட பகல் வெயில் அதைத் தாண்டும். கரண்ட் நின்றால் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டியில் வையுங்கள். ஐஸ்கட்டியில் நேரே வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினைப் பிறகு பாவிக்க முடியாது.

தேயிலைமேடு:

நன்றி அண்ணா, மட்டை எழுதும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கிராம சேவையாளரிடம் பதிந்தே ஆகவேண்டுமா? வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதத் தயங்குகிறார்.

படுவான்கரை_65:

பதியத்தான் வேணும், அதுவும் மழைக்கு முதல். காரணத்தைச் சொல்றன்.

வெள்ளம் வந்தா யாரை எந்தப் பாடசாலைக்கு ஏத்துறது, எத்தனை பேருக்குச் சமைக்கிறது, உலர் உணவு யாருக்கு என்பதெல்லாம் ஜி.எஸ். (கிராம சேவையாளர்) கொடுக்கிற குடும்பப் பட்டியலை வச்சுத்தான் பிரதேச செயலகம் செய்யும். கல்லடி மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்குள்ள. பட்டியல்ல பேர் இல்லாத வாடகைக் குடும்பத்தை யாரும் வேணுமெண்டு விடுறதில்ல, இருக்கிறது தெரியாமத்தான் விட்டுப்போகும். ஒப்பந்தம் இல்லாட்டி வீட்டுக்காரர் எழுதின கடிதம், அந்த வீட்டு மின்சாரப் பட்டியலின் பிரதி, ஹட்டன் ஜி.எஸ். தந்த வதிவிடக் கடிதம், நாலு பேரின் அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ் பிரதி, இதுகளைக் கொண்டு போங்க. அதுவும் சரிவராட்டி ஜி.எஸ்.ஐ நேரில் வந்து வீட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. அலுவலக நாள் கதவில எழுதியிருக்கும். போற போக்கில மூண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்க: நம்மட பிரிவுக்குப் பாதுகாப்பு இடம் எது, வீடு எந்தப் பொலிஸ் பிரிவு, குடும்பநல உத்தியோகத்தரும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) யார். இந்த எல்லைகள் எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு சரியாப் பொருந்தாது, அதால ஊகிக்க வேணாம்.

இனி உங்கட கணவரைப் பற்றி. அவர் போறது படுவான்கரைக்கு. வாவிக்குக் கிழக்கால எழுவான்கரை, மேற்கால படுவான்கரை. வவுணதீவுக்கு வலையிறவுப் பாலத்தால போவார். அடைமழையில அந்த வீதிக்கு மேலால தண்ணி பாயும். தெற்கால மண்முனைப் பாலம் 2014இல திறந்தது. சுத்துத்தான், ஆனா ஒண்டு அடைபட்டா மற்றதைக் கேட்டுப் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில வேலைக்கு இறங்க முதல் "உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்திருக்கா" எண்டு விசாரிக்க வேணும். கல்லடியில வெயில் அடிக்கும், ஆனா மேற்கால பெய்த மழை குளத்தில நிறைஞ்சு கதவைத் திறந்தா பின்னேரத்துக்குள்ள வயலும் வீதியும் ஒண்டாயிடும். காலையில போன பாதை மறுகா இருக்காது. கிரான் – புலிபாய்ந்தகல் வீதியும் அப்படித்தான், ஒவ்வொரு மாரியும் தோணிதான்.

தண்ணி ஓடுற வீதியில இறங்குறது பற்றி நான் கடுமையாச் சொல்றன், கோவிக்காதீங்க. முழங்கால் அளவுதானே எண்டு நினைப்பாங்க. ஒரு அடி ஆழம் வேகமா ஓடினா கார் மிதக்கத் தொடங்கும், அரை அடியே ஒரு ஆளின் காலை வாரும். உழவு இயந்திரம் பாரமானது, அது போகும் எண்டு நம்பி பெட்டியில ஏறுறதுதான் நம்மட பக்கத்தில நடக்கிற பெரிய பிழை. 2024 நவம்பர் 26இல அம்பாறை மாவட்டத்தில, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில மதரசா மாணவர்களை ஏத்திவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில கவிழ்ந்து பிள்ளைகள் மாண்டுபோனாங்க. வீதியின் ஓரம் எங்க முடியுது எண்டு கலங்கின தண்ணியில தெரியாது. கீழ மண் அரிச்சுப் போயிருக்கும், சில்லு ஒண்டு இறங்கினாக் காணும். பாதை அடைபட்டா அவர் அங்கேயே பாடசாலையில அல்லது அலுவலகத்தில தங்கட்டும். ஒரு சாரம், ஒரு ரீசேட், நாலு நாள் மருந்து, போன் சார்ஜர் இதுகளை வேலை செய்யிற இடத்தில ஒரு பையில போட்டு வச்சா அந்த முடிவு எடுக்கிறது லேசு.

இருட்டினா யானை. வவுணதீவு, உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மோட்டார்சைக்கிள்ல தனியா வரவேணாம். வீதியில நிண்டா ஹோர்ன் அடிக்காம, லைட்டை மூஞ்சில பாய்ச்சாம, தூரத்திலேயே திரும்புங்க. வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. யானைவெடி அவங்கட வேலை, நாம கொளுத்தப் போய்க் கையைச் சிதைக்கிறதில்ல.

பாம்பு ரெண்டு கரையிலும் உண்டு, வெள்ளத்தோட வீட்டுக்குள்ள வரும். கட்டுவிரியன் (சில ஊரில எண்ணெய் விரியன்) இரவில பாயில படுத்திருக்கிற ஆளைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடிபட்ட அடையாளமே சில நேரம் தெரியாது. விடியப்புறம் வயித்துவலி எண்டு எழும்புவாங்க, கண்ணிமை தொங்கும். அதை அல்சர் எண்டு நினைச்சுப் பாணி கொடுத்து நேரத்தைப் போக்கினா மூச்சு நிண்டிடும். நிலத்தில படுக்கிற வீட்டில காரணமில்லாம வயித்துவலியும் இமைத் தொங்கலும் சேர்ந்து வந்தா ஆசுபத்திரிக்கு ஓடுங்க. எந்தப் பாம்பெண்டாலும் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, பரியாரியைத் தேடி நேரம் போக்காதீங்க. மோதிரம், காப்பு, கொலுசு கழட்டி, கடிபட்ட காலை அசையாம வச்சு, நேரத்தைக் குறிச்சு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆசுபத்திரிக்குப் போகவேணும். அது போதனா வைத்தியசாலை அல்லது ஆதார வைத்தியசாலை. பாம்பைப் பிடிச்சுக்கொண்டு போக வேணாம், தூர நிண்டு ஒரு படம் எடுத்தாக் காணும். கட்டில் அல்லது ஓரம் மடிச்சு விட்ட நுளம்பு வலை, ரெண்டில ஒண்டு இருந்தாலே பாதி ஆபத்துக் குறையும்.

செங்கதிர்:

அக்கா, பொலிஸ் பக்கம் நான் சொல்கிறேன்.

119 எடுத்தால் முதல் குரல் சிங்களத்தில் வரலாம். "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கள். அதோடு உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்தின் தரைவழி இலக்கத்தையும் பொறுப்பதிகாரியின் அலுவலகக் கைபேசி இலக்கத்தையும் நிலையப் பலகையில் பார்த்துக் குறித்து வையுங்கள். வீட்டில் களவு, ஒழுங்கையில் தொந்தரவு போன்றவற்றுக்கு நேரே எடுப்பது விரைவு.

முறைப்பாடு கொடுக்கும்போது மூன்று விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தால், யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும்வரை போடவேண்டாம். புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி, இவை எழுதிய துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். அடையாள அட்டை தொலைந்தால் புதியது எடுக்கவும், வங்கிக்கும், பிறகு வழக்குக்கும் அந்தத் துண்டுதான் சாவி. "பேசித் தீர்த்துக்கொள்ளுங்க" என்று அனுப்பினால், பேசுவது பிறகு, பதிவது முதல் என்று நில்லுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது, ஆனால் புதிதாக வருகிற வேறு பெண்கள் இதை வாசிப்பார்கள். சொந்தம் இல்லாத ஊரில் வீட்டுக்குள்ளே அடி விழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கு. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் பேசக் கேட்கலாம். பொலிஸுக்குப் போக மனம் வராதவர்கள் பெரிய ஆசுபத்திரிகளில் உள்ள "நட்பு நிலையம்" என்ற இடத்துக்குப் போகலாம். காயத்துக்கு மருந்து கட்ட வந்தேன் என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், தாதியிடம் மெதுவாகச் சொன்னால் அங்கே அனுப்புவார்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்கிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது விவாகரத்து வழக்கு அல்ல, கணவரை மறியலுக்கு அனுப்பும் வழக்கும் அல்ல. அடிக்காதே, கிட்ட வராதே என்று நீதிமன்றம் சொல்லும் கட்டளை. இடைக்காலக் கட்டளை 14 நாள்வரை, முழுக் கட்டளை 12 மாதம்வரை செல்லும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். காயத்தின் படம், ஆசுபத்திரிச் சிட்டை, முறைப்பாட்டுத் துண்டு மூன்றையும் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள்.

மனம் தாங்காத இரவுகளுக்கு 1926, தேசிய மனநல உதவி இலக்கம். தமிழில் பேசலாம்.

டச்பார்_வாசி:

கல்லடியில் வீடு என்றபடியால் கடலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது.

2004 டிசம்பர் 26இல் சுமத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது நம்மட நேரத்தில் காலை 6.58க்கு. அலை இந்தக் கரைக்கு வர இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. நாவலடி, டச்பார், திருச்செந்தூர் எல்லாம் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி உள்ள ஒடுங்கிய நிலம். எச்சரிக்கை வந்தால் எல்லாரும் வாகனத்தை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்துக்குத்தான் ஓடுவார்கள், வீதி இறுகிவிடும். ஆகையால் குடிவந்த முதல் ஞாயிறே வீட்டிலிருந்து பாலம் தாண்டி நகருக்குள் நடந்து பாருங்கள், எத்தனை நிமிடம் என்று. அம்மாவால் நடக்க முடியாவிட்டால், யாருடைய மோட்டார்சைக்கிளில் என்பதை அன்றே பேசி வையுங்கள். கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்டும் உறுதிப்படுத்தலாம். ஆனால் கடல் திடீரென்று உள்வாங்கினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் சிப்பி பொறுக்கப் போன கதைதான் 2004.

வாவி வெள்ளம் வேறு மாதிரி, மெதுவாக ஏறும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தால் வாவி நிரம்பித் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் வரும். "முகத்துவாரம் வெட்டியாச்சா" என்பது அந்த நாள்களில் ஊரே கேட்கும் கேள்வி. தண்ணீர் படிக்கு வந்ததும் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள், காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை உயரத்தில் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டர் மிதந்து குழாயைப் பிடுங்கும். கம்பி அறுந்து விழுந்தால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு 1987. தீ என்றால் 110. மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். வெள்ளம் வற்றியதும் கிணற்றை பி.எச்.ஐ. குளோரின் போட்டுச் சொல்லும்வரை குடிக்க எடுக்காதீர்கள். மலசலகூடக் குழி கிணற்றோடு கலந்திருக்கும். அதுவரை போத்தல் தண்ணீர் அல்லது நன்றாகக் கொதித்த குழாய்த் தண்ணீர். நாலு பேருக்கு மூன்று நாளைக்குக் குடிக்க மட்டும் குறைந்தது 36 லீற்றர் வேண்டும், கான்களை மழைக்கு முன் நிரப்புங்கள்.

தேயிலைமேடு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஹட்டன் ஜி.எஸ்.இடம் கடிதத்துக்கும் கிளினிக் இடமாற்றத்துக்கும் இந்தக் கிழமையே போகிறோம். ஒரு சந்தேகம்: மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

வாவிக்கரை:

ஐந்து வயதுக்கு நாலு விஷயம் போதும். தன் முழுப்பெயர், அம்மா அப்பாவின் முழுப்பெயர், உங்கள் இருவரில் ஒருவரின் போன் இலக்கம், வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலின் பெயர். இலக்கத்தைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். போன் பூட்டியிருந்தாலும் திரையில் அவசர அழைப்பு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள். மட்டையை அவள் உயரத்துக்கு ஒட்டுங்கள், அதில் கோயில் படத்தையும் வரைந்து விடுங்கள்.